நாக்கரும் நகராவும் இப்பியும்

முத்துச்சிப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தால் வெளிப்புறம் கரடுமுரடாகக் கல் மாதிரி இருக்கும். உட்புறமோ வெள்ளி பூசியதுபோல இருக்கும். சாய்த்தால் ஒரு நிறம், நிமிர்த்தினால் ஒரு நிறம். இந்த உட்புறப் பளபளப்புக்கு ஸ்பானிய மொழியில் ‘நாக்கர்’ என்று பெயர். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ‘நேக்கர்’ என்பது போன்ற வடிவங்கள் உண்டு. ஆங்கிலத்தில் அதிகம் புழங்குவது ‘மதர் ஆஃப் பெர்ல்’, அதாவது முத்தின் தாய். தமிழில் இதற்கு என்ன சொல்? யாரைக் கேட்டாலும் ‘முத்துச்சிப்பி’ என்றுதான் சொல்லுவாங்க. ஆனால் முத்துச்சிப்பி என்பது கடலில் வாழும் உயிரின் பெயர். அதன் ஓட்டுக்கும் அதே பெயர், ஓட்டின் உள்ளே மின்னுகிற படலத்துக்கும் அதே பெயர் என்றால் சொல்லில் ஒரு குறை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

முத்துக்கு நித்திலம், தரளம், ஆரம் என்று அடுக்கிக்கொண்டே போகிற மொழியில், முத்தை உண்டாக்கும் பொருளுக்குப் பெயர் இல்லாமல் போகுமா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சில ஆண்டுகளாகத் தேடியதில் கிடைத்ததை, நம் சங்க மலருக்காக இங்கே தொகுத்துத் தருகிறேன். நான் பட்டம் பெற்ற பண்டிதன் அல்ல. அத்திபெலேயில், நம்மவர் வாயில் அத்திப்பள்ளியில், தையல் சாமான் வியாபாரம் செய்கிறவன். பட்டன், நூல், ஜிப் விற்கிறவனுக்கு இந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சொல் வந்த வழி

ஸ்பானிய ‘நாக்கர்’ அரபுச் சொல்லான ‘நக்காரா’விலிருந்து வந்தது என்பது அகராதிக்காரர்கள் பெரும்பாலும் ஏற்கும் கருத்து. அரபியில் நக்காரா என்றால் சிறு முரசு. முரசுக்கும் சிப்பிக்கும் என்ன உறவு? முரசு என்ற பெயர் ஊதுகொம்புக்கும் ஆகி, கொம்பாக ஊதப்பட்ட கடற்சங்குக்கும் சிப்பிக்கும் பரவியிருக்கலாம் என்பது சொல்லாராய்ச்சி செய்தவர்கள் தரும் விளக்கம். இத்தாலியில் அதே சொல் ‘நாக்கெரா’ என்று ஆகி, விரல்களுக்கிடையே தட்டும் தாளக்கட்டைக்குப் பெயராக நிற்கிறது. இரண்டு கிண்ணம் சேர்ந்து தட்டுவது சிப்பியின் இரண்டு ஓடு மாதிரி இருப்பதைப் பார்த்தாலே தெரியும்.

இதே அரபுச் சொல் நம் நாட்டுக்கும் வந்தது. நம் கோயில்களிலும் தர்காக்களிலும் முழங்குகிற பெரிய முரசுக்கு ‘நகரா’ என்கிறோமே, அது இந்த நக்காராதான். கன்னடத்தில் ‘நகாரி’. ஆக, ஒரே சொல் மேற்கே போய்ச் சிப்பியின் ஒளியாகிவிட்டது, கிழக்கே வந்து முரசாகவே நின்றுவிட்டது.

ஸ்பானியர் இந்தச் சொல்லைப் பயன்படுத்தும் விதம் கவனிக்க வேண்டியது. அவர்களிடம் இரண்டு சொல் இருக்கிறது. முத்து தரும் சிப்பிக்கு ‘மாத்ரெபெர்லா’, முத்துத்தாய். அதன் உட்படலத்துக்கு ‘நாக்கர்’. அந்தப் பளபளப்பு உடைய எதற்கும் ‘நாக்கராதோ’. விசிறிக் காம்பு, கத்திப்பிடி, ஜெபமாலை மணி, முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைகள் கையில் பிடிக்கும் ஜெபப்புத்தகத்தின் அட்டை என்று நாக்கரால் செய்த பொருள்கள் பல. கவிஞர்கள் பெண்ணின் பல்லையும் தோலையும் நாக்கர் என்றார்கள். ஒரு காலத்தில் ‘நாக்கராதோ’ என்பது சிவப்புச் சாயலையும் குறித்திருக்கிறது. அதிலிருந்து பிரெஞ்சுக்குப் போன ‘நக்காரா’ என்ற நிறப்பெயர் இன்றும் வெளிர்சிவப்பைத்தான் குறிக்கிறது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஒன்று: செயற்கை நாக்கருக்கு அவர்கள் அகராதியில் ‘நாக்கரீனா’ என்று தனிச்சொல்லே இருக்கிறது. அசலுக்கு ஒரு பெயர், போலிக்கு ஒரு பெயர். வியாபாரிக்கு இதைவிட உதவியான அகராதி வேறு ஏது?

தாயா, பாத்திரமா?

முத்தின் தாய் என்ற எண்ணம் ஐரோப்பாவில் பரவலாக உள்ளது. ஜெர்மன் மொழியிலும் டச்சு மொழியிலும் இதே பொருள்தான். நம்மிடம் அந்த எண்ணம் வேரூன்றவில்லை. சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பிக்குள் விழுந்தால் முத்தாகும் என்பதுதான் நம் பழைய நம்பிக்கை. பர்த்ருஹரி தம் நீதி சதகத்தில் ஒரே நீர்த்துளி பழுக்கக் காய்ச்சிய இரும்பில் விழுந்தால் என்ன ஆகும், தாமரை இலையில் விழுந்தால் என்ன ஆகும், சிப்பியில் விழுந்தால் என்ன ஆகும் என்று அடுக்குகிறார். இதில் பெருமை துளிக்கும் சேர்க்கைக்கும் போகிறது. சிப்பி வெறும் பாத்திரம். 1986-ல் வந்த தெலுங்குப் படம் ‘சுவாதி முத்யம்’ தமிழில் ‘சிப்பிக்குள் முத்து’ ஆனபோதும் இந்தக் கருத்துதான் தலைப்பில் வந்து உட்கார்ந்தது. ரோமானிய அறிஞர் பிளினியும் பனித்துளியால் சிப்பி கருவுறுகிறது என்று எழுதியவர்தான்.

உண்மையில் முத்தும் நாக்கரும் ஒரே சரக்கு. இரண்டுமே பெரும்பங்கு கால்சியம் கார்பனேட், அதாவது வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் உறவு. அதில் சிறிதளவு உயிர்ப்பசை கலந்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள தகடுகளாகச் செங்கல் அடுக்கிய சுவர்போலச் சிப்பி கட்டுகிறது. அந்தத் தகட்டின் கனம் ஒளி அலையின் அளவை ஒட்டி இருப்பதால்தான் சாய்க்கச் சாய்க்க நிறம் மாறுகிறது. ஓட்டின் மேல் பூசினால் நாக்கர், உள்ளே நுழைந்த அந்நியப் பொருளைச் சுற்றிப் பூசினால் முத்து. மழைத்துளிக்கு இதில் வேலை இல்லை. அந்த மட்டில் ‘தாய்’ என்றவர்கள் உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

நம் நூல்களில் இப்பி

இனி நம் சொல்லுக்கு வருவோம். ‘சிப்பி’க்கு ‘இப்பி’ என்று ஒரு பழைய வடிவம் உண்டு. சிறகு, இறகு என்று இரு வடிவம் இருப்பதுபோல முதலெழுத்துச் சகரம் தேய்ந்த வடிவம் இது. கன்னடத்தில் ‘சிப்பு’, தெலுங்கில் ‘சிப்ப’, பாலி, பிராகிருதத்தில் ‘சிப்பி’. எமனோவும் பர்ரோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி இந்தத் தென்மொழிச் சொற்களை ஒரே குடும்பமாக வைக்கிறது. கன்னடத்தில் ‘சிம்பி’ என்றாலும் சிப்பி. ‘சிம்பிக’ என்றால் தையற்காரர். இரண்டும் வேறு வேறு சொல்தான். ஆனாலும் பட்டன் விற்கிறவன் காதில் இது விழும்போது சிரிப்பு வரத்தான் செய்கிறது.

தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் ஆறாகப் பிரிக்கும் பகுதியை எல்லோரும் அறிவோம். அதில் நந்தும் முரளும் ஈரறிவுயிர்கள். உரையாசிரியர் இளம்பூரணர் நந்து என்பதில் சங்கு, நத்தை முதலியவற்றையும், முரள் என்பதில் இப்பி, கிளிஞ்சல் முதலியவற்றையும் அடக்குகிறார். மெய், நா என்ற இரண்டு மட்டுமே இவற்றுக்கு. எங்கள் ஜைன ஆகமங்களிலும் இதே கணக்குதான். தத்துவார்த்த சூத்திரம் புழு முதலியவற்றை ஈரறிவில் வைக்க, உரைகள் சங்கையும் சிப்பியையும் அதோடு சேர்க்கின்றன. தமிழிலக்கணமும் சமண தத்துவமும் ஒரு சிப்பிக்குள் கைகுலுக்குகிற இடம் இது.

இந்த இடங்களில் எல்லாம் இப்பி என்பது உயிர். அதன் ஒளியைக் குறித்த இடம் மணிமேகலையில் இருக்கிறது. வஞ்சி நகரில் மணிமேகலை சமயவாதிகளின் திறம் கேட்கும் 27ஆம் காதையில், அளவைவாதி பேசுகிறான். சரியான அறிவுக்கு வழிகளைச் சொல்லி முடித்துவிட்டு, அறிவுபோலத் தோன்றும் குற்றங்கள் எட்டையும் சொல்கிறான். அவற்றில் ஒன்று ‘திரியக் கோடல்’, அதாவது ஒன்றை வேறொன்றாகக் கொள்ளுதல். அதற்கு அவன் காட்டும் உதாரணம், கதிர் வீசும் இப்பியை வெள்ளி என்று நினைப்பது. முரட்டு வெளி ஓட்டை எவனும் வெள்ளி என்று நினைக்கமாட்டான். வெள்ளியாகத் தெரிவது உட்படலம்தான். ஆகவே இங்கே ‘இப்பி’ என்பது ஸ்பானியர் நாக்கர் என்று சொல்கிற அதே பொருளைத்தான் குறிக்கிறது என்பது என் முடிவு.

இது வெள்ளியா?

இந்த உதாரணம் மணிமேகலையோடு நிற்கவில்லை. வடமொழியில் ‘சுக்திகா’ என்றால் சிப்பி, ‘ரஜதம்’ என்றால் வெள்ளி. சிப்பியில் வெள்ளியைக் காணும் இந்தப் பிழையை வைத்து இந்தியத் தத்துவவாதிகள் ஆயிரம் ஆண்டுக்குமேல் வழக்காடியிருக்கிறார்கள். அங்கே தெரிந்த வெள்ளி எது? வேறிடத்தில் கண்ட வெள்ளி இங்கே தோன்றுகிறது என்றார்கள் நையாயிகர். உண்டு என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாதது என்றார்கள் அத்வைதிகள். பிரபாகரரோ, அங்கே பிழையான அறிவு என்று ஒன்றே கிடையாது, எதிரே காண்பதற்கும் நினைவில் வருவதற்கும் வேறுபாடு தெரியாமல் போனதே விஷயம் என்றார். ஜைன ஆசாரியர் வாதிதேவ சூரி 12ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘பிரமாண நய தத்துவாலோகம்’ என்ற நூலில், விபரீத அறிவுக்கு அவர் எடுத்த உதாரணமும் சிப்பியை வெள்ளி என்று கொள்வதே.

இத்தனை பேர் இத்தனை காலம் வழக்காடுவதற்கு அந்த உதாரணம் ஏன் ஏற்றதாக இருந்தது? கயிற்றைப் பாம்பு என்று நினைத்தால் அச்சம் வருகிறது. சிப்பியை வெள்ளி என்று நினைத்தால் ஆசை வருகிறது. குனிந்து எடுக்கக் கை நீளுகிறது. கடைவீதியில் தினம் நடப்பது இந்த இரண்டாவதுதானே?

மன்னார்க் கடலும் குஜராத்தும்

கொற்கை முத்தைக் கிரேக்கர் முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார்கள். கௌடில்யர் பாண்டிய நாட்டு முத்தைச் சொல்கிறார். அப்படி இருந்தும் தமிழ்நாட்டில் நாக்கர் வியாபாரம் பெரிதாக வளராததற்குக் காரணம் சிப்பியிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாச் சிப்பி சிறியது, ஓடு மெல்லியது. கனமான நாக்கர் தருவது ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் கடல்களில் வளரும் பெரிய சிப்பி. அது 30 செ.மீ. வரைகூட வளரும். நம் கரையில் சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, கழுவி முத்தைப் பொறுக்கிக்கொள்வார்கள். ஓடு கரையிலேயே குவிந்து கிடக்கும். முத்துக்குத்தான் ஏலம், முத்துக்குத்தான் பெயர். தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்ததோடு ஓய்ந்தது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி, வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியபோதும் பேச்செல்லாம் முத்தைப் பற்றியே இருந்தது.

வளை அறுத்தது சங்கில். சங்கு பீங்கான் போன்ற ஓடு. அதில் நாக்கர் கிடையாது. சுண்ணாம்பு சுட்டது கிளிஞ்சலில்.

நாக்கர் வேலைப்பாட்டில் பெயர் எடுத்தது குஜராத். 16ஆம் நூற்றாண்டில் அங்கே நாக்கர் பதித்துச் செய்த பெட்டிகளும் தட்டுகளும் போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பிய அரண்மனைகளுக்குப் போயின. அப்படிப் போன ஒரு பெட்டிக்குப் பாரிஸ் பொற்கொல்லர் பியேர் மாங்கோ 1532-33-ல் தங்க முலாம் பூசிய வெள்ளிச் சட்டம் கட்டினார். அது இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதேபூர் சிக்ரியில் சலீம் சிஷ்டியின் சமாதி மேல் உள்ள விதானத்திலும் இந்த வேலையைக் காணலாம். ஸ்பானியர் ஆண்ட மெக்சிகோவில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓவியத்துக்குள்ளேயே நாக்கர் துண்டு பதித்து வரையும் ஒரு கலை வளர்ந்தது. அதற்கு ‘என்கொஞ்சாதோ’ என்று பெயர்.

போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தார்கள். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, ஏலம் எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். ‘பொத்தான்’கூட அவர்களுடைய ‘பொத்தாவ்’தான், ஸ்பானியத்தில் ‘போத்தோன்’. ஸ்பானியக் கடையில் ‘போத்தோன் தெ நாக்கர்’ என்று ஒரு பொருளைச் சொன்னால், அதில் முன்பாதி நம் வீட்டுச் சொல், பின்பாதி நம்மிடம் வந்து சேராத சொல்.

பட்டன் கடையில் இந்தச் சொல்

எங்கள் வியாபாரத்தில் அசல் சிப்பி பட்டனுக்கு ‘எம்.ஓ.பி.’ என்பார்கள். பட்டனின் அளவு ‘லைன்’ கணக்கு. 40 லைன் ஓர் அங்குலம், சட்டையின் முன்பக்கத்துக்குப் பெரும்பாலும் 18 லைன். எண்ணிக்கை குரோஸ் கணக்கு, 144. ‘ட்ரோக்கா’ என்ற கடல் நத்தை ஓட்டிலும் அசல் பட்டன் அறுப்பார்கள். அந்த நத்தையை 2001-ல் நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்த்தார்கள். பீகாரில் மேஹ்சி என்ற ஊரில் ஆற்றுச் சிப்பியை அறுத்துப் பட்டன் செய்யும் தொழில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றி நன்றாக நடந்தது. பிளாஸ்டிக் வந்த பிறகு அது தேய்ந்துபோயிற்று.

இப்போது சட்டைகளில் பார்க்கும் மின்னும் பட்டன் பெரும்பாலும் பாலியஸ்டர். அதற்கு மினுக்கு எங்கிருந்து வருகிறது என்பது ஒரு தனிக்கதை. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் மீன் செதிலைச் சுரண்டி எடுத்த மினுக்குப் பசையைக் கொண்டு போலி முத்து செய்தார்கள். பிறகு பிஸ்மத் உப்பு வந்தது. அதற்கும் பிறகு மைக்காத் தூள் மேல் டைட்டானியம் டை ஆக்சைடு பூசியது வந்தது. அசலைக் கண்டுபிடிக்க வழி உண்டு. அசல் தொட்டால் சில்லென்று இருக்கும், கனமாக இருக்கும், பல்லில் தட்டினால் கல் மாதிரி ஒலிக்கும். பழுக்கக் காய்ச்சிய ஊசியை வைத்தால் பாலியஸ்டர் இளகி நாறும். இரண்டு அசல் பட்டன் ஒரே மாதிரி மின்னாது. நூறு பட்டனும் ஒரே மாதிரி மின்னினால் சந்தேகப்படுங்கள்.

நான் அசல் சிப்பி பட்டன் வைப்பதில்லை. சிராவகர்களுக்கு விலக்கிய பதினைந்து தொழில்களில் ‘தந்த வாணிஜ்யம்’ ஒன்று. தந்தம், எலும்பு, தோல் முதலிய உயிர்ப்பொருள்களை அவை பிடிபடும் இடத்திலேயே வாங்கும் வியாபாரம் அது. சிப்பி அதில் சேருமா சேராதா என்று வாதாடலாம். ஜைனர்கள் தலைமுறை தலைமுறையாக முத்து வியாபாரம் செய்தவர்கள்தான். இருந்தாலும் ஈரறிவுயிரின் ஓடு என்று தெரிந்த பிறகு எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன்னால் ஓர் ஏற்றுமதிச் சட்டைக்கான தாளை ஓர் இடைத்தரகர் என்னிடம் கொண்டுவந்தார். வாங்குபவர் ஸ்பெயின் நாட்டுக்காரர். தாளில் ‘போத்தோன் தெ நாக்கர்’ என்று இருந்தது. “நாக்கர்னா அந்தக் கலர்தாங்க, பாலியஸ்டர்லயே குடுங்க, பில்லுல நாக்கர்னு போடுங்க” என்றார் அவர். ‘தெ நாக்கர்’ என்றால் நாக்கரால் ஆனது. மினுக்கு மட்டும் வேண்டுமென்றால் ‘நாக்கராதோ’ என்று எழுதியிருப்பார்கள். அகராதியை எடுத்துக் காட்டினேன். “பாலியஸ்டர் தருகிறேன், பில்லிலும் பாலியஸ்டர் என்றுதான் போடுவேன்” என்றேன். ஆர்டர் வேறு கடைக்குப் போயிற்று. அந்தச் சட்டைகளில் எதைத் தைத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

பாலியஸ்டர் பட்டன் கெட்ட பொருள் அல்ல. விலை குறைவு, துவைத்தால் தாங்கும், ஒரு சிப்பியையும் கொல்லவில்லை. அதை அதன் பெயரால் விற்றால் அகிம்சையும் நிற்கும், சத்தியமும் நிற்கும். நாக்கர் என்று விற்றால் சிப்பியை வெள்ளி என்று விற்ற கதைதான். அளவைவாதி சொன்ன திரியக் கோடல் வாங்குகிறவனுக்கு நேரும் பிழை. விற்கிறவன் தெரிந்தே செய்தால் அதற்குப் பெயர் வேறு.

ஒரு வேண்டுகோள்

இரண்டு பொருளுக்கு இரண்டு சொல் வேண்டும். உயிருக்கும் ஓட்டுக்கும் ‘முத்துச்சிப்பி’ இருக்கட்டும். உள்ளே ஒளிரும் படலத்துக்கு ‘இப்பி’ என்று சொல்லலாம் என்பது என் யோசனை. புதிதாக ஒன்றும் நான் ஆக்கவில்லை. சாத்தனார் பயன்படுத்திய சொல்லைத் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். ‘இப்பி பொத்தான்’ என்றால் அசல். ‘இப்பி மினுக்குப் பொத்தான்’ என்றால் பாலியஸ்டர். ஸ்பானியர் நாக்கர், நாக்கரீனா என்று பிரித்ததை நாமும் பிரித்துவிடலாம்.

இதைவிட நல்ல சொல் கடற்கரையில் இருக்கவும் கூடும். சிப்பியைக் கையால் பிளந்தவர்கள் அதன் உட்பக்கத்துக்குப் பெயர் வைக்காமலா இருந்திருப்பார்கள்? தூத்துக்குடி, கீழக்கரை, இராமேசுவரம், மன்னார்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வீட்டில் குளியாளியாகவோ சம்மாட்டியாகவோ இருந்த பெரியவர்கள் இருந்தால், அந்தப் பளபளப்பை என்ன சொல்லி அழைத்தார்கள் என்று கேட்டு, சங்க அலுவலகத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முத்துக்குளிப்பு நின்று அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அந்தச் சொல்லைத் தெரிந்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார்கள். அடுத்த மலர் வரும்வரை தள்ளிப் போடாமல் இந்த வாரமே கேட்டுவிடுவது நல்லது.